தெற்கிலிருந்து வரும் வாடை
பனிமலைப் பிரதேசத்தின் இலையுதிர்கால வானிலையும் எம்மவரும்

சித்திரை பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் வெயில் உச்சந்தலையைப் பிளக்கும். கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வேப்பமர நிழலைத் தேடி ஆடுமாடுகள் ஒதுங்கும். அதே சித்திரையில், நாம் இப்போது வாழும் அவுஸ்திரேலிய மண்ணில் இலைகள் மஞ்சளாகிச் சிவந்து உதிர்கின்றன. மார்ச் 1 முதல் மே 31 வரையிலான மூன்று மாதங்களே இந்நாட்டின் இலையுதிர்காலம். உயிர்த்த ஞாயிறு விடுமுறையும் ஏப்ரல் 25 அன்சாக் தினமும் இக்காலத்திலேயே வருகின்றன. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் எமது குடும்பங்கள், பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் புறப்படும் காலமும் இதுவேயாகும்.

அவ்வாறு புறப்பட்டு அவதிப்பட்டவர்களுள் நாமும் அடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், அன்சாக் தினத்தையொட்டிய வார இறுதியில், இரண்டு வாகனங்களில் மூன்று குடும்பங்களாகச் சிட்னியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூமா நகருக்குச் சென்றிருந்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பைப் பார்த்தோம். 23 பாகை, நல்ல வெயில் என்றார்கள். அது சிட்னிக்கான அறிவிப்பு என்பதை நாம் சிந்திக்கவில்லை. கூமாவிலும் மறுநாள் மதியம் வெயிலாகவே இருந்தது. அங்கிருந்து ஸ்னோவி மலைப் பெருந்தெரு வழியாகத் துமுட் என்னும் ஊருக்குச் சென்று, உதிரும் இலைகளின் அழகைப் பார்ப்பதே எமது திட்டம். இரண்டரை மணி நேரப் பாதை. பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டோம்.

அடமினபி என்ற சிற்றூரைக் கடக்கும்போது காற்று பலத்தது. மேலும் அரைமணி நேரம் சென்றதும் மழை வெள்ளையாக மாறியது. கியாண்ட்ரா என்னும் பழைய தங்கச் சுரங்க ஊர் இருந்த வெட்டவெளியை அணுகியபோது வீதியின் கோடுகள் மறைந்துவிட்டன. பின்னிருக்கையில் எழுபது வயதைக் கடந்த மாமி ஒருவர், பருத்திச் சேலையும் மெல்லிய சுவெட்டருமாக நடுங்கிக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசியில் தொடர்பு இல்லை. எதிரே வந்த ஒரு சிறு பாரவூர்தி நின்றது. அதிலிருந்து இறங்கிய செம்மறிப் பண்ணைக்காரர் எமது வாகனங்களின் ரயர்களைப் பார்த்தார். பிறகு எம்மைப் பார்த்தார். எந்த ஊர் வானிலையைப் பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார். சிட்னி என்றோம். அவர் சிரிக்கவில்லை. தமது வாகனத்தின் பின்னால் மெதுவாக வரும்படி கூறி, எம்மை அடமினபிக்குத் திருப்பி அழைத்துச் சென்றுவிட்டார். அன்றிரவு அங்கே ஒரு விடுதியில் கணப்பருகே மாமியை இருத்தி, சூடான தேநீர் பருக்கிய பின்னரே எமக்கு உயிர் வந்தது.

அம்மனிதர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். எந்த ஊர் வானிலையைப் பார்த்தீர்கள்?

ஒரே வீதி, மூன்று வானிலை

எமது ஊரில் இக்கேள்விக்கு இடமில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம். பருத்தித்துறையில் மழையென்றால் சாவகச்சேரியிலும் குடையெடுத்துச் செல்வோம். மலைநாட்டில் அவ்வாறன்று. அங்கே ஊரின் பெயரோடு அதன் உயரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். பொதுவாக 1000 மீற்றர் மேலே சென்றால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நாம் பயணம் செய்த வீதியையே எடுத்துக்கொள்வோம். கூமா ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் உள்ளது. அடமினபி சுமார் 1000 மீற்றர். கியாண்ட்ரா சுமார் 1400 மீற்றர். துமுட் 300 மீற்றருக்கும் குறைவு. துமுட்டில் ஒருவர் கைச்சட்டையோடு நின்று இலையுதிர்வை இரசிக்கும் அதே வேளையில், அவ்வீதியின் நடுப்பகுதியில் வெண்பனி கொட்டலாம். இதில் முரண்பாடு எதுவுமில்லை.

மெல்பேர்ண் வாசகர்களுக்கும் இது பொருந்தும். இலையுதிர்கால விழாவுக்குப் பெயர்பெற்ற பிரைற் நகர் ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்திலுள்ள பள்ளத்தாக்கு ஊர். அங்கிருந்து பெரும் அல்பைன் வீதி வழியே ஹோதம் மலைக்கு ஏறினால் 1800 மீற்றரைக் கடந்துவிடுவோம். கணக்குப்படி அங்கே சுமார் 10 பாகை குறைவாக இருக்கும். பிரைற்றில் 14 பாகையென்றால் ஹோதமில் 4 பாகை.

இந்த உண்மையை அளந்தறிய இந்நாட்டில் ஒரு காலத்தில் மனிதர் மலையுச்சியிலேயே குடியிருந்தனர். குயின்ஸ்லாந்து அரசின் வானிலை அதிகாரியாக இருந்த கிளெமென்ற் ராக் என்பவர், 1897 டிசம்பரில் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய கொசியஸ்கோவில், 2228 மீற்றர் உயரத்தில், ஓர் அவதான நிலையத்தை நிறுவினார். மலையுச்சி அளவீடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடலோரத்தில் மெரிம்புலா என்னுமிடத்தில் மற்றொரு நிலையம் வைக்கப்பட்டது. முதலில் கூடாரத்திலும் பின்னர் குடிசையிலுமாக அவதானிகள் அங்கே தங்கியிருந்து காற்றையும் வெப்பத்தையும் குறித்தனர். பணமுடையால் 1902 இல் அது மூடப்பட்டது. 1908 ஜனவரி 1 முதல் இயங்கத் தொடங்கிய பொதுநலவாய வளிமண்டலவியல் திணைக்களம் இன்று அப்பணியைத் தன்னியக்கக் கருவிகளைக் கொண்டு செய்கிறது. மலையின் வானிலையை மலையிலேயே அளக்க வேண்டும் என்ற ராக்கின் எண்ணம் மாத்திரம் மாறவில்லை.

காற்றின் திசை

எமது முன்னோர் காற்றுக்குப் பெயர் சூட்டி வைத்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். மட்டக்களப்பார் சொல்லும் கச்சான் மேற்கிலிருந்து வருவது. வாடை என்றாலே எமக்குக் குளிர். மார்கழி, தை மாதங்களில் பாட்டன்மார் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வாடையைத் திட்டியதை மறக்க முடியுமா?

பூமியின் தென்பாதியில் இக்கணக்கு தலைகீழாகிவிடுகிறது. இங்கே வடக்கிலிருந்து வரும் காற்று பாலைநிலத்தைக் கடந்து வருவதால் வெப்பமானது. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதே தென்முனைப் பெருங்கடலின் குளிரைச் சுமந்து வருகிறது. எனவே மலைநாட்டின் அறிவிப்பில் காற்று வடக்கிலிருந்து தென்மேற்குக்கு மாறும் என்ற வரியைக் கண்டால், குளிர்முகப்பு ஒன்று வருகிறது என்று பொருள். முதலில் இளஞ்சூடு, பின் மழை, அதன்பின் சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை சரிந்துவிடும். இக்குளிர்முகப்புகள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்வதால், சிட்னிக்கு வருமுன்னரே மலைகளைத் தாக்குகின்றன. சிட்னியில் வெயில் எறிக்கும்போது நாம் கியாண்ட்ராவில் அகப்பட்டது இதனாலேயே.

கூமாவில் மழையின்றி இருந்ததற்கும் காரணமுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மலையக மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வரண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அதுவே மட்டக்களப்பு மக்களை வாட்டும் கச்சான். அதுபோலவே இங்கும் மேற்குக் காற்று ஸ்னோவி மலைகளின் மேற்குப் புறத்தில் மழையையும் பனியையும் இறக்கிவிடுகிறது. கிழக்கே கூமாவைச் சூழ்ந்த மொனாரோ மேட்டுநிலம் மழைநிழலில் வரண்டு கிடக்கிறது. ஆதலால் கூமாவின் நீலவானத்தைப் பார்த்து மலையின் நிலையை மதிப்பிடுதல் கூடாது.

பனியில் எத்தனை பனி

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது எமது பழமொழி. அந்தப் பனி வெறும் ஈரப்பனி. இந்நாட்டு அறிவிப்புகளிலோ பல பனிகள் உள்ளன. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோலப் பிரித்துக் கூறுவோம்.

முதலாவது மூடுபனி. காற்றில்லாத இலையுதிர்கால இரவுகளுக்குப்பின் பள்ளத்தாக்குகளில் காலை ஒன்பது, பத்து மணிவரை தங்கி நிற்கும். வாகனமோட்டிகளுக்கு இடர், மற்றப்படி உயிருக்குத் தீங்கில்லை.

இரண்டாவது உறைபனி. வானம் தெளிந்து, காற்று அடங்கி, நட்சத்திரங்கள் பளிச்சிடும் இரவே இதற்கு உகந்தது. நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, அதனோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, நீரைப்போல் தாழ்விடம் நோக்கி வழிந்தோடுகிறது. உயரே சென்றால் குளிர் கூடும் என்று முன்னர் கூறினோம். உறைபனி இரவில் இவ்விதி பிழைத்துப் போகும். சரிவிலுள்ள வீட்டைவிட ஆற்றங்கரைப் பள்ளமே அதிகம் குளிரும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் பனியும் இதுவே. மலையகத் தமிழர்க்கு இது புதிதன்று.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறிவிப்பில் தரப்படும் வெப்பநிலை, நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில், நிழற்பெட்டியினுள் அளக்கப்படுவது. ஆகவே அறிவிப்பில் 2 பாகையென்று இருந்தாலும் புல்தரை உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். கூடாரத்தில் படுப்பவர் படுப்பது புல்தரையிலேயன்றி நிழற்பெட்டியில் அன்று.

மூன்றாவது வெண்பனி. அவுஸ்திரேலிய மலைகளில் இது எந்த மாதத்திலும் விழக்கூடும். ஏப்ரலின் பிற்பகுதியிலிருந்து வாய்ப்புக் கூடுகிறது. நான்காவது, வீதியில் கண்ணாடிபோற் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கரும்பனிக்கட்டி. மரநிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களிலும் இது காலை நேரத்தில் காத்திருக்கும். நான்கிலும் கொடியது இதுவே.

கொசியஸ்கோ தேசியப் பூங்காவின் குறித்த சில வீதிகளில் இருசக்கர உந்து வாகனங்கள் ரயர்ச் சங்கிலி எடுத்துச் செல்லவேண்டும் என்ற சட்டம், ஜூன் 1 இல் தொடங்கி ஒக்ரோபர் 10 இல் முடிகிறது. இலையுதிர்காலத்தில் அச்சட்டம் இல்லை. பனிக்கோ அந்தத் தேதிகள் தெரியா.

அறிவிப்பை வாசிக்கும் முறை

மலைப்பிரதேச அறிவிப்பு ஒன்று எவ்வாறிருக்கும் என்பதை விளக்க, மாதிரிக்காக நாமே ஒன்றை எழுதிப் பார்ப்போம். “சனிக்கிழமை. மேகமூட்டம். மழைக்கான வாய்ப்பு 70 வீதம். 1200 மீற்றருக்கு மேல் வெண்பனி. காற்று வடமேற்கிலிருந்து மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர். பிற்பகலில் தென்மேற்காக மாறும். ஞாயிறு காலை உறைபனி.”

இதில் 70 வீதம் என்பது நாளின் 70 வீத நேரமும் மழை பெய்யும் என்பதன்று. பிரதேசத்தின் 70 வீதப் பரப்பில் பெய்யும் என்பதுமன்று. இத்தகைய பத்து நாட்களில் ஏழு நாட்கள் நீங்கள் நிற்கும் இடத்தில் மழை விழக்கூடும் என்பதே பொருள். அடுத்து, 1200 மீற்றர் என்பதை உங்கள் பாதையோடு பொருத்திப் பாருங்கள். கூமாவும் ஜிண்டபைனும் அக்கோட்டுக்குக் கீழே. கியாண்ட்ராவும் கப்ரமுராவும் மேலே. காற்றின் வேகமாகத் தரப்படுவது சராசரி. இடையிடையே வீசும் சுழிப்பு அதனிலும் 40 வீதம் கூடுதலாக இருக்கலாம். காற்று மாறும் நேரம் பிற்பகல் என்றால், மலையைக் கடக்கும் பயணத்தை முற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். ஞாயிறு உறைபனி என்றால், மறுநாள் வெயில் ஏறிய பின்னரே வாகனத்தை எடுத்தல் நன்று.

திணைக்களம் வெளியிடும் எச்சரிக்கைகளுள் செம்மறி வளர்ப்போருக்கென ஒன்றுண்டு. குளிரும் மழையும் காற்றும் ஒருசேர வரும்போது மயிர் கத்தரிக்கப்பட்ட ஆடுகளும் குட்டிகளும் இறக்கக்கூடும் என்பதால் அது விடுக்கப்படுகிறது. நம்மிடம் ஆடில்லையே என்று அதைக் கடந்துவிடாதீர்கள். ஆட்டுக்குட்டி தாங்காத குளிரை, கூடாரத்தில் ஈர உடையோடிருக்கும் எம் பிள்ளையும் தாங்காது. வெப்பமானி 5 பாகை காட்டினாலும், நனைந்த உடலில் காற்று வீசினால் உடல் உணர்வது அதனிலும் வெகு குறைவு.

மலையில் உழைக்கும் எம்மவர்

உல்லாசப் பயணம் போகிறவர்கள் திரும்பி வந்துவிடலாம். அங்கேயே தங்கி உழைப்பவர்களின் நிலை வேறு. 2015 முதல் வழங்கப்பட்ட ஷெவ் என்னும் தற்காலிக வீசா, பெருநகரங்களுக்கு வெளியே வேலை செய்வதையும் படிப்பதையும் ஊக்குவித்தது. 2023 பெப்ரவரியில் அவ்வகை வீசா உடையோருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி அறிவிக்கப்பட்டது. ஆயினும் அவ்வழி எட்டாமல் இணைப்பு வீசாவில் காத்திருப்போர் இன்னமும் உள்ளனர். இவர்களுள் பழத்தோட்டங்களிலும் பண்ணைகளிலும் இறைச்சி பதனிடும் ஆலைகளிலும் உழைப்பவர் பலர். அப்பிள் பறிக்கும் காலம் இந்த இலையுதிர்காலமே.

ஊரில் எம்மிடம் படித்த மாணவன் ஒருவன், மலையடிவாரத் தோட்டமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒருநாள் காலை தொலைபேசியில் அழைத்தான். “சேர், இரவு எட்டுப் பாகை எண்டுதான் போனிலை காட்டினது. விடியப் பார்த்தால் வாளித் தண்ணி கட்டியாக் கிடக்கு,” என்றான். குரல் சரியில்லை. விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. குளிர் தாங்காமல், முதல்நாள் இரவு கரியடுப்பை எடுத்துத் தான் தங்கியிருந்த கரவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். நடுச்சாமத்தில் தலையிடியோடும் வாந்தியோடும் எழும்பிக் கதவைத் தள்ளியபடியால் தப்பினான். எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் அது உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும். கடலைத் தாண்டி வந்த பிள்ளை கரியடுப்பால் போயிருப்பான்.

அவன் பார்த்தது தோட்டத்துக்கு அண்மையிலுள்ள பெரிய நகரின் வெப்பநிலை. அவனுடைய கரவன் நின்றதோ ஓடைக்கரைப் பள்ளத்தில். குளிர்ந்த காற்று வழிந்து தேங்கும் இடம். யாராவது ஒருவர் முன்கூட்டியே அவனுக்குச் சொல்லியிருந்தால், தடித்த கம்பளி ஒன்றோடு அவ்விரவு கழிந்திருக்கும். அவனுடைய ஆசிரியராக இருந்த நாமும் அதைச் சொல்லவில்லையே என்ற உறுத்தல் எம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

இம்மலைகளுக்கு அகதிகள் புதியவர்களல்லர். இரண்டாம் உலகப்போரில் வீடிழந்த ஐரோப்பியர் பெருந்தொகையாக வந்து, 1949 முதல் 1974 வரை இங்கே நீர்மின் திட்டத்தைக் கட்டினர். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் உழைத்தனர். 121 பேர் பணியில் உயிரிழந்தனர். அவர்களுக்கும் மொழி புதிது, நிலம் புதிது. அவர்களுக்கும் வெகுகாலம் முன்னரே நாரிகோ முதலிய ஆதிக்குடிகள், கோடையில் போகோங் அந்துப்பூச்சிகளை உண்ண மலையேறி, குளிர் தொடங்குமுன் தாழ்நிலத்துக்கு இறங்கிவிடும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். எப்போது இறங்கவேண்டும் என்று அறிந்திருந்ததே அவர்களுடைய வானிலை அறிவிப்பு.

புறப்படுமுன்

மலைக்குச் செல்லும் வாசகர்கள் நகரத்தின் அறிவிப்பை விடுத்து, தங்கும் ஊர், கடக்கும் கணவாய் ஆகிய இரண்டின் அறிவிப்பையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் தளத்தில் தனித்தனியே பார்க்கவேண்டும். முதல்நாள் மாலையும் புறப்படும் காலையும் பார்த்தல் நன்று. வீதி மூடல்களை மாநில அரசின் நேரடிப் போக்குவரத்துத் தகவலில் அறியலாம். வாகனத்தில் கம்பளி, மாற்றுடை, சுடுநீர்ப் போத்தல், நிறைந்த எரிபொருள் ஆகியன இருக்கட்டும். டீசல் வாகனமாயின், சமவெளியில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் இறுகக்கூடும். மலையூர்களில் விற்கும் குளிர்தாங்கும் டீசலைக் கலந்துகொள்ளுங்கள். நடைப்பயணம் செல்வோர்க்கு நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்கா நிலையங்களில் இடங்காட்டும் அவசரக் கருவி இலவசமாக இரவல் தரப்படுகிறது. உயிராபத்தில் 000 ஐயும், புயல் வெள்ள உதவிக்கு 132 500 ஐயும் அழைக்கலாம். ஆங்கிலம் தடுமாறுவோர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று 131 450 இல் கேட்கலாம். எக்காரணங்கொண்டும் கரியடுப்பை வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுசெல்ல வேண்டாம்.

1964 டிசம்பர்ப் புயலையும் 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும் எம்மவர் இன்றும் பேசுகின்றனர். அந்த வானத்தின் குறிகளைப் பெற்றோர் எமக்குக் காட்டித் தந்தனர். கடலின் இரைச்சலைக் கேட்டு மழையைச் சொல்லும் கிழவர்கள் எமது ஊரில் இருந்தனர். இந்த வானத்தைக் காட்டித்தர எமக்கு யாருமில்லை. நாமே படித்து, அடுத்து வருபவருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

அம்மாணவன் இப்போது நிரந்தர வதிவிடம் பெற்று அதே பிரதேசத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு, ஏப்ரல் தொடங்கியதும் மாலைதோறும் பள்ளத்தாக்கின் இரவு வெப்பநிலையைக் கைத்தொலைபேசியில் தமிழில் எழுதி அனுப்புகிறான். அதன் பிரதி எமக்கும் வருகிறது. சென்ற கிழமை வந்த செய்தி இது: “இண்டைக்குக் காத்து தெற்காலை திரும்பியிட்டுது. எல்லாரும் கம்பளியை எடுங்கோ.”